கண்ணோரத்துப் பழுப்பு

லில்லி மொட்டு வாய் திறந்ததும் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் ஆறு காம்புகளின் நுனியையும் கிள்ளிவிட வேண்டும். தாமதித்தால் நுனிகள் வெடித்துப் பழுப்பு நிற மகரந்தப் பொடி உதிரும். வெள்ளை இதழில் ஒருமுறை அது பட்டுவிட்டால் அந்தப் பூவை யாரும் வாங்க மாட்டார்கள். அன்று காலை அத்தை பதினேழாவது பூவைக் கிள்ளிக்கொண்டிருந்தபோது, வாங்க வந்த ஒருவர் தன் கையிலிருந்த பூங்கொத்தை மேசைமேல் திருப்பி வைத்தார்.

"இதுல லில்லி இருக்கே. அதை எடுத்துட்டு வேற ஏதாவது வச்சுக் குடுங்க. நான் போற வீட்ல பூனை இருக்கு."

"ஏன் சார், பூனை பூவைப் பறிச்சுத் தலையில வச்சுக்குமா?" என்று முதலாளியம்மா சிரித்தாள்.

"சிரிக்காதீங்க. திங்கவே வேணாம். அந்தப் பொடி மேல பட்டு, அதை நக்கினாலே போதும். ரெண்டு மூணு நாள்ல கிட்னி போயிடும். எங்க அக்கா வீட்ல ஒண்ணு அப்படித்தான் போச்சு."

அத்தையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காம்பைப் பிடித்தபடியே நின்றுவிட்டன. விரல் நுனிகள் இரண்டும் பழுப்பாக இருந்தன. பத்து மாதமாக அவை அப்படித்தான் இருக்கின்றன. அவள் ஒருநாளும் அவற்றை இப்படிப் பார்த்ததில்லை.

கடையில் எல்லோருக்கும் அவள் அத்தைதான். மகள் இங்கே சேர்த்துவிட வந்த அன்று, "இவங்க எங்க வீட்டுக்காரரோட அத்தை, எனக்கும் கொஞ்சம் சொந்தம்" என்று வேடிக்கையாக அறிமுகப்படுத்தினாள். அடுத்த வாரமே மகள் இரண்டு வருட ஒப்பந்தத்தில் வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றில் நர்ஸாகச் சேர விமானம் ஏறிவிட்டாள். பெயர் மட்டும் கடையில் ஒட்டிக்கொண்டது. மாலையில் வேலை இல்லை. காலை எட்டு முதல் மூன்று வரை பூக்களின் தண்டைச் சீவுவது, வாளித் தண்ணீரை மாற்றுவது, லில்லியின் பொடியைக் கிள்ளுவது. மிச்சப் பொழுதெல்லாம் மேனேஜருக்கு.

மேனேஜர் என்பது மகளின் பெர்ஷியன் பூனை. வெண்ணெய் நிறம், தட்டையான முகம், கண்களுக்கு நடுவில் பொத்தான் தைத்தது போன்ற மூக்கு. யார் லீவு கேட்டாலும் தர மாட்டேன் என்பது போல எப்போதும் ஒரு பார்வை. அதனால்தான் அந்தப் பெயர். மகள் அவளை ஊரிலிருந்து வரவழைத்ததே மேனேஜருக்காகத்தான். "உன் மாப்பிள்ளைக்கு லிஃப்ட் ரிப்பேர் பண்ற ஷிஃப்ட் வேலைம்மா. லிஃப்ட் எங்கே நின்னாலும் ஓடணும். இவனை ஒரு நாள் சீவாம விட்டா முடி சிக்காகி அட்டையா ஆயிடும். நீ வந்து இருந்துக்கோயேன்." அத்தை வாடகை அறையைக் காலி செய்தாள். இரும்பு அலமாரியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள். ஒரே ஒரு பையோடு வந்து சேர்ந்தாள்.

பெர்ஷியனை வளர்ப்பது கைக்குழந்தையை வளர்ப்பது போலத்தான். ஒரே வித்தியாசம், இந்தக் குழந்தை வளர்ந்து ஆளாகி நம் கையை விட்டுப் போவதில்லை. தினமும் முதலில் அகலப் பல் சீப்பு, பிறகு நெருக்கமான சீப்பு. அக்குளிலும் வயிற்றடியிலும் சிக்கு விழாமல் விரலால் பிரித்துப் பிரித்துச் சீவ வேண்டும். பின்தொடை முடியை வாரம் ஒருமுறை கத்தரிக்க வேண்டும், இல்லாவிட்டால் மணல் தொட்டியே வீட்டுக்குள் நடந்து வரும். மூக்கு உள்ளடங்கியிருப்பதால் குழிந்த கிண்ணத்தில் அதற்குச் சாப்பிட வராது. தட்டைத் தட்டு வேண்டும். கண்ணீர் வடிய வழியில்லாமல் கண்ணோரத்தில் தேங்கி, காய்ந்து, துருப்பிடித்தது போலப் பழுப்பாகக் கறை படியும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் அதைக் காலையும் மாலையும் துடைக்க வேண்டும். அத்தைக்கு இதெல்லாம் ஒரு மாதத்தில் கைவந்துவிட்டது.

சீப்பில் தினமும் ஒரு பிடி முடி வரும். தூக்கிப் போட மனசு வராத அளவுக்கு மென்மையாக இருக்கும். ஒருநாள் விளையாட்டாக அதை உருட்டி ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனாள். இதழில் சிந்திய பொடியைப் பிரஷ்ஷால் தட்டினால் இன்னும் ஈஷிக்கொள்ளும், ஈரத்துணி பட்டால் கறையே ஆகிவிடும். மேனேஜரின் முடிப் பஞ்சோ பொடியை ஒற்றி எடுத்துக்கொண்டது, இதழில் சுவடே இல்லாமல். "அத்தை மந்திரம் போடுறாங்க" என்று முதலாளியம்மா மெச்சினாள். ஐம்பத்தெட்டு வயதில் ஒரு வேலையில் சபாஷ் வாங்குவது லேசுப்பட்ட காரியமா? அன்றிலிருந்து அந்தப் பஞ்சு அவளுடைய ஆயுதம். பழுப்பேறியதும் தூர எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றை உருட்டுவாள்.

நேற்று எறிய மறந்துவிட்டாள்.

ஏப்ரனைத் துவைக்க எடுத்துவந்து சாப்பாட்டு மேசை நாற்காலியில் போட்டாள். சமையலறைக்குள் போய் டீ போட்டுக்கொண்டு வருவதற்குள் மேனேஜர் நாற்காலியில் ஏறி, பைக்குள் தலையை விட்டு, தன் மணம் வீசிய அந்த உருண்டையை இழுத்துப் போட்டு, முன்னங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு ஒரு தாய் குட்டியை நக்குவது போல நக்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து அவள் சிரித்தாள் என்பதுதான் இப்போது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. தனக்குத் தானே தாயாகிவிட்டான் என்று நினைத்துச் சிரித்தாள். சரியாக அப்போது மகளின் வீடியோ அழைப்பு வந்தது. அது நாள் தவறாமல் நாலு மணிக்கு வரும். மேனேஜரைத் தூக்கித் திரைக்கு முன்னால் பிடித்தாள்.

"என்னம்மா, அவன் மூஞ்சியெல்லாம் பழுப்பா இருக்கு? கண்ணு ஒழுகுது பாரு. துடைச்சு விடும்மா."

"காலையிலதான்டி துடைச்சேன். உன் மேனேஜருக்கு அழுறதைத் தவிர வேற என்ன வேலை?"

துடைத்தாள். பஞ்சில் வந்த நிறம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஆரஞ்சாக இருந்தது. வெளிச்சத்தின் வேலை என்று நினைத்துக்கொண்டாள். முடி உருண்டை எங்கேயோ உருண்டு போயிருந்தது, அவள் தேடவில்லை. இன்று காலை குளியலறை மிதியடியில் நுரைத்த வாந்தி கிடந்தது. முடியை விழுங்கியிருப்பான் என்று அலசிப் போட்டாள். காலைச் சாப்பாட்டை முகர்ந்துகூடப் பார்க்காமல் மேனேஜர் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தது. அவளுக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

"உங்க அக்கா…" அத்தை அந்த வாடிக்கையாளர் பக்கம் திரும்பினாள். "உங்க அக்கா எப்போ டாக்டர்கிட்ட கொண்டு போனாங்க?"

"ஒரு நாள் தாண்டிடுச்சும்மா. பதினெட்டு மணி நேரத்துக்குள்ள வந்திருந்தா பார்த்திருக்கலாம்னாங்க."

சுவர்க் கடிகாரத்தில் ஒன்பதரை. நேற்று நாலு மணி. விரல் விட்டு எண்ணினாள். பதினேழரை.

அவள் ஓடவில்லை. முதலில் கையைக் கழுவினாள். சோப்புப் போட்டு மூன்று முறை, நகக்கண்களைத் தேய்த்து, முழங்கை வரை. ஏப்ரனைக் கழற்றி வாளிக்குள் போட்டாள். புடவை முந்தானையில் இருக்குமோ? தலைமுடியில்? பத்து மாதமாக இந்தக் கையால்தானே அதன் முகத்தைத் துடைத்தோம்? தன் உடம்பெல்லாம் விஷம் பூசியிருப்பது போலத் தோன்றியது. முதலாளியம்மா பின்னாலிருந்து ஏதோ கேட்டாள், காதில் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மேனேஜர் குளியலறைத் தரையில் வயிற்றைப் பரப்பிப் படுத்திருந்தது. கூப்பிட்டதும் காது மட்டும் திரும்பியது. பெர்ஷியனின் மூச்சுக்கு எப்போதும் ஒரு குறட்டைச் சத்தம் உண்டு, அது கேட்டது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் கதவோரமாகத் தரையில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளையைக் கூப்பிட வேண்டும். வேன் அவரிடம்தான் இருக்கிறது.

ஆனால் அவள் மாப்பிள்ளைக்கு இதுவரை போன் செய்ததே இல்லை. இருவருக்கும் நடுவில் சண்டையும் இல்லை, மனத்தாங்கலும் இல்லை. மகள் இருந்தவரை எல்லாப் பேச்சும் மகள் வழியாகப் போனது. மகள் போனதும் இருவருமே சட்டென்று ஊமையானார்கள். மூன்றாம் நாள் காலை, காலுறை ஒன்றைக் காணாமல் வீடெல்லாம் சுற்றிய மாப்பிள்ளை, கடைசியில் பூனையைப் பார்த்து, "மேனேஜர், என்னோட இன்னொரு சாக்ஸை நீங்க எங்கேயாவது ஃபைல் பண்ணி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். சமையலறையிலிருந்து அத்தை, "மேனேஜர், கொடியில காயுதுன்னு சொல்லு" என்றாள். அப்படி ஆரம்பித்தது. சாப்பிட வருகிறாரா, கேஸ் தீர்ந்துவிட்டதா, உடம்பு சரியில்லையா எல்லாமே மேனேஜர் வழியாகத்தான். இருவரும் பூனையைப் பார்த்துப் பேசுவார்கள். பூனை இருவரையும் பார்க்காமல் சுவரைப் பார்க்கும். பத்து மாதம் அந்த வீடு அப்படி ஓடியது. நன்றாகவே ஓடியது.

மாப்பிள்ளையின் எண்ணை அழுத்தினாள். தொடர்பு எல்லைக்கு அப்பால். லிஃப்ட் குழிக்குள் இறங்கியிருப்பார். குளிர்பதனப் பெட்டிமேல் ஒட்டியிருந்த அவருடைய லிஃப்ட் கம்பெனியின் அவசர எண்ணை அழுத்தினாள்.

"சொல்லுங்க மேடம், எந்த பில்டிங்? லிஃப்ட் எந்த மாடியில நிக்குது?"

அத்தை முகவரியைச் சொன்னாள். ஆளை மட்டும் அனுப்பச் சொன்னாள், பெயர் சொல்லி அவரைத்தான் அனுப்பச் சொன்னாள்.

"உள்ளே யாராவது மாட்டிக்கிட்டு இருக்காங்களா மேடம்?"

அவள் தரையில் கிடந்த மேனேஜரைப் பார்த்தாள். "ஆமா" என்றாள். "மூச்சு விடுது. சீக்கிரம் வரச் சொல்லுங்க."

பதினாலு நிமிடத்தில் மாப்பிள்ளை வந்தார். ஒரு கையில் கருவிப் பெட்டி, மறு கையில் லிஃப்ட் கதவு திறக்கும் சாவி, நெற்றியில் கிரீஸ். அத்தை பூனைக் கூடையைக் கட்டிப்பிடித்தபடி கீழ்த்தள வாசலில் நின்றாள். லிஃப்ட் அவள் பின்னால் யாரையோ ஏற்றிக்கொண்டு ஜம்மென்று மேலே போனது. அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை" என்றாள். கூடையை லேசாக உயர்த்திக் காட்டினாள்.

வேனில் கூடையை மடியில் வைத்துக்கொண்டாள். சிக்னலில் நின்றபோது அவர் பழக்கத்தில் கூடையைப் பார்த்துக் கேட்டார். "என்ன ஆச்சு மேனேஜர்?"

"காலையில வாந்தி எடுத்தான்னு சொல்லு" என்று அத்தையும் கூடையிடம் சொன்னாள். "சாப்பிடலைன்னு சொல்லு."

பொடியைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்ல வாயைத் திறந்தாள், நிஜமாகவே திறந்தாள். அப்போது அந்த ஒற்றைப் பை நினைவுக்கு வந்தது. ஊரில் அறை இல்லை, அலமாரி இல்லை. இந்த வீட்டில் அவள் இருப்பதற்கு ஒரே காரணம் இதோ இந்தக் கூடைக்குள் குறட்டை விடுகிறது. அதையும் அவளே கொன்றுவிட்டாள் என்றால் நாளைக் காலை எந்த முகத்தோடு அந்தச் சமையலறையில் டீ போடுவாள்? டாக்டரே கண்டுபிடித்துவிடட்டும். அவர்களிடம் கருவி இருக்குமே, ரத்தம் எடுப்பார்களே. நான் வாயைத் திறக்காமலே தெரிந்துவிடட்டும்.

டாக்டர் மகளைவிடச் சின்னவளாக இருந்தாள். மேனேஜரின் வாயைத் திறந்து பார்த்தாள், தோலைக் கிள்ளி விட்டாள், வயிற்றை அழுத்தினாள்.

"முடி உருண்டை மாதிரிதான் தெரியுது. இந்த ஜாதிக்கு அடிக்கடி வரும். வீட்ல செடி கிடி, எலி மருந்து, லில்லிப் பூ, ஏதாவது இருக்கா?"

"ஒண்ணுமே இல்லை டாக்டர்" என்றார் மாப்பிள்ளை. "வீட்ல பூவே வைக்கிறதில்லை."

"அப்போ ஒரு பேஸ்ட் எழுதித் தரேன். நாளைக்கும் வாந்தி இருந்தா கூட்டிட்டு வாங்க."

பேனாவை எடுத்தாள். எழுதவும் ஆரம்பித்தாள். அத்தை அந்தப் பேனா நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு. நாளைக்கு வந்தால் நாற்பது மணி நேரம். இப்போது பேசாவிட்டால் யாருக்கும் தெரியாது. பெர்ஷியன் ஒன்று முடி விழுங்கிச் செத்தது, அவ்வளவுதான். அவளுக்கு மட்டும் தெரியும். ஒவ்வொரு காலையும் டீ போடும்போது தெரியும்.

"லில்லிதான்" என்றாள். "நான் பூக்கடையில வேலை செய்யறேன். அவன் முடியை உருட்டிப் பொடி ஒற்றுவேன். அதை வீட்டுக்குக் கொண்டு வந்துட்டேன். நக்கிட்டான்."

பேனா நின்றது. "எப்போ?"

"நேத்து நாலு மணிக்கு."

"தோராயமாவா?"

"தோராயம் இல்லை. என் பொண்ணு போன் பண்ணினா. நாலு மணிக்கு."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து இருபத்தைந்து. அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. உள்ளேயிருந்து ஆள் வந்தார், மேனேஜரைத் தூக்கிக்கொண்டு போனார், எங்கேயோ தண்ணீர் திறந்துவிடும் சத்தம், சவரக் கருவியின் இரைச்சல். டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டே சொன்னாள். மேலே இருப்பதைக் குளிப்பாட்டிக் கழுவிவிடலாம், உள்ளே போனதை எடுக்க முடியாது. விஷத்தை முறிக்கும் மருந்து கிடையாது. மூன்று நாள் நரம்பு வழியாகத் தண்ணீர் ஏற்றி, கிட்னியை ஓயவிடாமல் வேலை வாங்க வேண்டும். "அவன் யூரின் போயிட்டே இருக்கணும். எனக்கு அது ஒண்ணுதான் வேணும். நின்னுடுச்சுன்னா…" கையுறையின் விளிம்பைப் பட்டென்று இழுத்துவிட்டாள்.

மாப்பிள்ளை வீடு வரை வேனை ஓட்டி, அவளை இறக்கிவிட்டு, வேலைக்குத் திரும்பிப் போனார்.

பூனை இல்லாத வீட்டில் சத்தங்கள் பெரிதாகின்றன. குளிர்பதனப் பெட்டி மூச்சு வாங்கியது. எங்கோ மேல்மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அத்தை தரை முழுவதையும் ஈரத்துணியால் ஐந்து முறை துடைத்தாள். சோஃபாவுக்கு அடியில், ஓரமாக, அந்த உருண்டை கிடந்தது. பிளாஸ்டிக் உறைக்குள் கையை நுழைத்து அதை எடுத்து, முடிச்சுப் போட்டு, இன்னொரு உறைக்குள் போட்டு, அதையும் முடிச்சுப் போட்டாள்.

நாலு மணிக்கு மகளின் அழைப்பு வந்தபோது மாப்பிள்ளை சீக்கிரமே வந்திருந்தார். அத்தை போனைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தாள். அவர் எட்டி வாங்கிக்கொண்டார்.

"தூங்குறான். எழுப்பாத. ராத்திரியெல்லாம் ஆட்டம் போட்டான்." குரல் இயல்பாக இருந்தது. "உங்கம்மாவா? உங்கம்மாவும் தூங்குறாங்க."

விழித்துக்கொண்டு எதிரில் நிற்கும் அவளைப் பார்த்தபடியே அதைச் சொன்னார். பிறகு போனை மேசைமேல் வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டார். அந்தப் பொய்யை எந்தக் கணக்கில் வைப்பது என்று அவளுக்குப் புரியவில்லை. காப்பாற்றுகிறாரா? இல்லை, மகள் ஊர் திரும்பும்வரை தண்டனையை நிறுத்தி வைக்கிறாரா? கத்தியிருந்தால் தேவலை. ஒரு தட்டையாவது தூக்கி எறிந்திருந்தால் பொறுக்கிப் போட்டிருப்பாள். அவர் பேசாமல் இருந்தார். அவளுக்கோ அவரிடம் பேச வழியில்லை. வழி மருத்துவமனையில், காலில் ஊசி குத்திப் படுத்திருந்தது. இரவு சாப்பாட்டைத் தட்டில் போட்டு மேசைமேல் மூடி வைத்தாள். காலையில் தட்டு கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

இரண்டாம் நாள் மருத்துவமனையிலிருந்து ஓர் எண் வந்தது. ரத்தத்தில் ஏதோ ஒன்றின் அளவு. முதல் நாள் அது ஒன்று புள்ளி எட்டு. இப்போது இரண்டு புள்ளி ஆறு. ஏறக்கூடாதது ஏறியிருக்கிறது என்பது மட்டும் அவளுக்குப் புரிந்தது. அவள் கடைக்குப் போகவில்லை. மதியம் அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து பையை எடுத்தாள். புடவைகள், மாத்திரை டப்பா, கண்ணாடிக் கூடு. இவ்வளவுதானா என்று இருந்தது. அவரே போகச் சொல்ல வேண்டிய நிலைமையை அவருக்கு வைக்கக்கூடாது. மேனேஜர் நல்லபடியாகத் திரும்பினாலும் சரி, திரும்பாவிட்டாலும் சரி.

மாப்பிள்ளை வாசலில் நின்றிருந்ததை அவள் பார்க்கவில்லை.

"எங்கே போறீங்க?"

பூனை இல்லாமல், சுவர் இல்லாமல், நேராக வந்த கேள்வி. அத்தை பையின் ஜிப்பைப் பிடித்துக்கொண்டாள். "பொண்ணுகிட்ட நானே சொல்லிக்கறேன். உங்களுக்குச் சங்கடம் வேணாம்."

"பையை வைங்க அத்தை."

"இல்லை மாப்பிள்ளை…"

"வைங்கன்னு சொல்றேன்ல." அவர் கதவு நிலையில் சாய்ந்தார். கையில் துடைக்கும் துணி இருந்தது, சுத்தமாக இருந்த விரல்களையே துடைத்துக்கொண்டிருந்தார். "அவன் அதை நக்கின அன்னைக்கு சாயங்காலம் நான் ஆறு மணிக்கு வந்தேன். நீங்க மாடியில துணி எடுக்கப் போயிருந்தீங்க. அந்த உருண்டை சோஃபா பக்கத்துல கிடந்துச்சு. அவன் முடிதானேன்னு தூக்கிப் போட்டேன். ஓடிப் போய் வாயில கவ்விட்டு வந்தான். மறுபடியும் போட்டேன். அஞ்சாறு தடவை. நாய் மாதிரி கொண்டு வந்து குடுத்தான், எனக்கு ஒரே சந்தோஷம். என் கையெல்லாம் பழுப்பாச்சு. பேன்ட்ல துடைச்சுக்கிட்டேன்."

அத்தை கட்டிலில் உட்கார்ந்தாள்.

"டாக்டர் முன்னாடி நீங்க நாலு மணின்னு சொன்னீங்க பாருங்க, அப்பவே நானும்னு சொல்லியிருக்கணும். வாய் வரலை."

"அது டாக்டருக்குத் தெரிய வேணாமா? கூடப் போயிருக்குமே உள்ளே?"

"உங்களை வீட்ல இறக்கிவிட்டுட்டு வேலைக்குப் போற வழியிலயே போன் பண்ணிச் சொல்லிட்டேன்."

"டாக்டர்கிட்ட சொல்லிட்டீங்க." அவள் குரல் தானாக உயர்ந்தது, இந்த வீட்டுக்குள் அது இதற்குமுன் அந்த உயரத்துக்குப் போனதில்லை. "என்கிட்ட சொல்றதுக்கு ரெண்டு நாளா? நான் ரெண்டு நாளா இங்கே தரையைத் துடைச்சுத் துடைச்சு… நீங்க தட்டைக் கழுவி வச்சுட்டுப் போறீங்க!"

"கோபப்படுவீங்கன்னு பயம்."

"நானா? நீங்க என்னைப் போகச் சொல்லிடுவீங்கன்னு எனக்குப் பயம்!"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரிப்பு வர வேண்டிய இடம்தான்; வரவில்லை. பயத்தைப் பங்கு போட்டால் பாதியாகும் என்று அவள் நினைத்திருந்தாள். ஆகவில்லை. இப்போது அதே பயம் இரண்டு பேரிடமும் முழுசு முழுசாக இருந்தது. மாப்பிள்ளையின் கீழுதடு சின்னப் பையனுடையது போல ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. அவர் குனிந்து பையை எடுத்தார், அலமாரியில் வைக்கவில்லை, எங்கே வைப்பதென்று தெரியாமல் நாற்காலியில் வைத்துவிட்டுப் போய் டீக்குத் தண்ணீர் வைத்தார்.

மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்கு மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டார்கள். இருவரையும் வரச் சொன்னார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள். வேனில் போகும்போது ஒரு திருப்பத்தில் மாப்பிள்ளை வழியைத் தவறவிட்டு, சுற்றிக்கொண்டு வந்தார்.

டாக்டரின் கண்கள் தூங்காதவள் கண்களாக இருந்தன. "எண் இன்னும் ஏறலை. இறங்கவும் இல்லை. ஆனா காலையில அஞ்சு மணியிலேருந்து யூரின் போகலை. ஆறு மணி நேரம் ஆச்சு. மூத்திரப் பை கொஞ்சம் நிறைஞ்ச மாதிரி தெரியுது, ஆனா என்னால உறுதியாச் சொல்ல முடியலை. சில பூனைங்க கூண்டுக்குள்ள கூச்சப்பட்டு அடக்கி வச்சுக்கும், முக்கியமா இந்த ஜாதி. கௌரவம் பார்க்கும். தெரிஞ்சவங்க பக்கத்துல இருந்தா போகலாம். போகலைன்னா அடுத்தது என்னன்னு பேசணும்."

ஒரு சின்ன அறையைத் திறந்துவிட்டாள். ஒரு எஃகு மேசை, ஒரு தண்ணீர்க் குழாய், தரையில் புது மணல் நிரப்பிய தொட்டி. பிறகு மேனேஜரைத் தூக்கிவந்து இறக்கிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

அத்தைக்கு ஒரு நொடி அடையாளம் தெரியவில்லை. குளிப்பாட்டிய முடி கற்றை கற்றையாக ஒட்டி, பூனை பாதி அளவுக்குச் சுருங்கியிருந்தது. முன்னங்கால் ஒன்றில் முடி வழித்த இடத்தில் நீலக் கட்டு. கண்ணோரத்தில் பழுப்பு வடிந்து காய்ந்திருந்தது; அவள் கை தானாக நீண்டு, பாதியில் நின்றது. இது கண்ணீர்தான், கண்ணீரைத் தவிர வேறெதுவும் இருக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கை நீளவில்லை. மாப்பிள்ளை சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் குழாயில் நனைத்துப் பிழிந்து நீட்டினார். அவள் வாங்கி, மண்டியிட்டு, இரண்டு கண்களையும் மெதுவாகத் துடைத்தாள். மேனேஜர் பொறுத்துக்கொண்டது. லீவு கேட்டு வந்தவர்களைப் பார்ப்பது போல இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

மாப்பிள்ளையின் போன் அலறியது. எங்கேயோ ஒரு லிஃப்ட் நின்றிருக்கும். அவர் எடுத்துப் பார்க்காமலே அணைத்தார்.

மேனேஜர் எழுந்தது. பின்னங்கால்கள் நடுங்கின. மேசைக் காலை முகர்ந்தது, அத்தையின் செருப்பை முகர்ந்தது, தொட்டியைச் சுற்றி வந்து விளிம்பில் கட்டுப் போட்ட காலை வைத்து நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பிறகு, வெந்நீருக்குள் இறங்குவது போல, ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்து வைத்தது. ஒரு தரம் மணலைப் பறித்தது. இன்னொரு தரம் பறித்தது. ஒரு முழு வட்டம் திரும்பி, பின்பக்கத்தைத் தாழ்த்தி, தலையை உயர்த்தி அவர்களைப் பார்த்தது.

"பார்க்காதீங்க அத்தை" என்றார் மாப்பிள்ளை, உதடு அசையாமல். "கூச்சப்படும்."

"நீங்களும் திரும்புங்க."

இருவரும் ஒரே சமயத்தில் திரும்பிக்கொண்டார்கள். எதிரில் வெறும் வெள்ளைச் சுவர். ஆணிகூட இல்லை, நாள்காட்டிகூட இல்லை. தோளோடு தோள் படாமல் ஒரு சாண் இடைவெளி விட்டு, பள்ளிக்கூடத்தில் தண்டனைக்கு நிறுத்தப்பட்ட இரண்டு பிள்ளைகளைப் போல அந்தச் சுவரைப் பார்த்தபடி, மூச்சை அடக்கிக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் மணலில் ஒரு சத்தத்துக்காகக் காதைத் தீட்டி நின்றார்கள்.